வலச் சிறகினுள் இருந்தது

மஹய்யாவ, கண்டி
10 ஆகஸ்ட் 2025

வானை உயர்த்தி, அதன் கீழுள்ள ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய நிறையை வகுத்து, விரித்த சிறகோடு மிதக்கும் பறவையைக் காற்றில் தாங்கி நிற்கும் ஏகனுக்கே புகழனைத்தும். அவன் தூதர் மீதும், அவர்தம் கிளையார் மீதும் தோழர் மீதும் சாந்தி பொழிவதாக.

அன்பிற்குரிய ராஜலிங்கம் அவர்களுக்கு ஹபீல் வரைவது.

மகள் நிரோஷினிக்குப் பெண் குழந்தை பிறந்த நற்செய்தியை உங்கள் வாயால் அறியும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருக்கும் நம் ஃபாஸில் சொல்லித்தான் அறிந்தேன். தாயும் சேயும் நீடு வாழ்க. பேத்தி பிறந்ததைக்கூட நண்பனுக்குச் சொல்லாத அளவுக்கு நமக்குள் என்ன நேர்ந்தது என்று கேட்கவே இம்மடல். தொலைபேசியை நீங்கள் எடுப்பதில்லை. கடுகண்ணாவைக்கு வந்து கதவைத் தட்டலாமென்றால், பிள்ளை பெற்ற வீட்டுக்கு அழையாமல் போவது முறையன்று. பள்ளிக்கூடத்தில் ஆயுள் முழுதும் தமிழ் கற்பித்தவனுக்கு மடல் எழுதுவது ஒரு பாரமுமன்று.

குண்டசாலைத் திடலில் அன்று நிகழ்ந்ததைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். நாம் சேர்ந்து செய்த ரிமோட் விமானம் மேலேறித் தலைகீழாகப் புரண்டு, தொடங்கிய புள்ளிக்கே இறங்கி வரவேண்டிய வட்டத்தை மூன்று முறை அடித்தீர்கள். மூன்று முறையும் அது இடப்புறம் நழுவி, வயலோரத்து மரங்களுக்கு மேலே போய் முடிந்தது. முகம் வெளிறி அதை இறக்கினீர்கள். கூடி நின்றவர்கள் சிரிக்கட்டுமென்று நான், "என்ன ராஜலிங்கம், வயசு போய்ட்டுப் போல, கை நடுங்குதே!" என்றேன். நீங்கள் ரிமோட்டைக் கதிரையில் வைத்து, "இனி நீங்களே வெச்சுக்கங்க, நானா" என்று அண்ணன் முறை மாறாமலே சொல்லி முச்சக்கரவண்டியில் ஏறினீர்கள். அவ்வளவே.

உங்கள் வழுக்கையைப் பற்றி நான் சொல்லாத கேலியில்லை. என் தாடியைப் பற்றி நீங்கள் சொல்லாததுமில்லை. இதுவரை புண்படாத மனம் இந்த ஒரு சொல்லில் ஏன் புண்பட்டது? புண்பட்டிருக்குமானால் மன்னிப்பை வேண்டுகிறேன்.

விமானம் என் மாடியறையில் இருக்கிறது. நகரசபை நீர்ப்பிரிவில் மீட்டர் திருத்திய உங்கள் கையும், பிசின் குப்பியைப் பிடித்து நின்றதன்றி வேறெதுவும் அறியாத என் கையும் சேர்ந்து செய்த ஊர்தி. அதன் சிறகின் கீழ் நான் இரு சுட்டுவிரலை ஊன்றித் தூக்க, நீங்கள் பெட்டரியை ஒரு பாக்களவு முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும் மூக்குச் சற்றே தாழ நிற்கும் நிலையைக் கண்ட அந்த மாலையை மறக்கமாட்டேன்.

இன்னொன்றும் நெஞ்சில் கிடக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். சென்ற மாதத் தொடக்கத்தில், வலச் சிறகின் நுனியில் மேலுறை சுருங்கியிருந்தது. இஸ்திரிப்பெட்டியால் நீவிவிடப் போனவன், உறைக்குள் நான் உங்களிடம் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். உங்களை நாணச் செய்ய விரும்பாமல், ஒன்றும் சொல்லாமல் அகற்றிவிட்டேன். அதை அறிந்துதான் சினந்தீர்களாயின், வெளிப்படையாகவே எழுதுங்கள். மனத்தில் வைத்திருக்கும் பகை இருவருக்கும் நோய்.

உங்கள் பதிலை நோக்கியிருக்கும்,
ஹபீல்

—

கடுகண்ணாவை
14 ஆகஸ்ட் 2025

உ
முருகன் துணை

ஹபீல் நானா அவர்களுக்கு,

மடல் கிடைத்தது. கோபம் இல்லை. உங்களைப் போல எழுத எனக்கு வராது, உள்ளதை எழுதுகிறேன்.

தொலைபேசியை எடுக்காததற்குக் காரணம் இந்த வீட்டின் சுவர்கள். இங்கே நான் இருமினால் ஸ்டேஷன் வரை கேட்கும். வீட்டுக்காரி சீதாவின் காதில் படாமல் பேச ஓர் இடமில்லை. அவள் கேட்கக் கூடாத விஷயம் இது.

நீங்கள் கேலியாகச் சொன்னது உண்மை. என் கை போய்விட்டது.

என் அப்பாவை நீங்கள் பார்த்ததில்லை. தெல்தோட்டையில் தேயிலை ஃபெக்டரியில் இயந்திரம் பார்த்தவர். எனக்கு இப்போதிருக்கும் வயதில் அவருக்கு வலது கை நடுங்கத் தொடங்கியது. பிறகு இரண்டு கையும். கடைசிக் காலத்தில் அம்மாதான் ஊட்டிவிட்டார். நிரோஷினி கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் அப்பா ஆசையாகக் கேட்டு வாங்கினார். பிள்ளை நழுவிவிட்டது. சீதா பாய்ந்து பிடித்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சாகும்வரை அப்பா வேறெந்தப் பிள்ளையையும் தொடவில்லை. யாராவது பிள்ளையோடு வீட்டுக்கு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

நம் விமானம் முதல் தடவை நழுவியபோது காற்று என்று நினைத்தேன். அடுத்த தடவை பறப்பித்தபோது காற்றே இல்லை. ரிமோட்டின் குச்சியை இழுக்கும்போது என் வலது கை எனக்குத் தெரியாமல் இடப்பக்கம் சாய்கிறது. வேறென்ன? அதற்குப் பிறகு என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கப் பார்க்க நடுங்குகிறது. தேத்தண்ணிக் கோப்பையை மேசையிலிருந்து எடுக்கும்போது சத்தம் கேட்கிறது.

இப்போது வீட்டில் பிள்ளை. நிரோஷினி தினமும் கேட்கிறாள்: "அப்பா, ஒருக்கா புடிங்களேன், தலைய வாரிட்டு வந்துர்றேன்." எனக்குத் தடிமன், பிள்ளைக்குச் சளி ஒட்டிவிடும் என்கிறேன். முதுகு பிடித்திருக்கிறது என்கிறேன். நேற்று அவள் சீதாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "பொம்பளப் புள்ளன்னு அப்பாவுக்குப் புடிக்கலயாம்மா?" போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதத் தொடக்கத்தில் பிள்ளைக்கு முப்பத்தொரு நாள் ஆகிறது, முப்பத்தொன்று கழிக்கிறார்கள். எங்கள் வழக்கத்தில் அன்றைக்கு அம்மாவின் அப்பாதான் பிள்ளையைத் தூக்கிக் காதில் பெயர் சொல்லித் தொட்டிலில் போடவேண்டும். மாப்பிள்ளை சதீஸ்குமாரின் ஆட்கள் எல்லோரும் வருவார்கள். அவர்கள் முன்னால் அப்பாவுக்கு நடந்தது எனக்கு நடக்கக் கூடாது. அதற்கு முன் ஏதாவது சாக்குச் சொல்லித் தெல்தோட்டைக்குப் போய்விட யோசிக்கிறேன்.

விமானத்தை ஃபாஸிலிடம் கொடுத்துவிடுங்கள். அவன் நன்றாக வைத்திருப்பான்.

வலச் சிறகில் எதைக் கண்டீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் ஒளித்தது ஒன்றுதான், அதை மேலே எழுதிவிட்டேன். இது நமக்குள் இருக்கட்டும்.

ராஜலிங்கம்

—

மஹய்யாவ, கண்டி
18 ஆகஸ்ட் 2025

உள்ளங்களில் மறைந்திருப்பதை அறிபவனும், சுமக்கவியலாத சுமையை எவர் மீதும் ஏற்றாதவனுமாகிய இறைவனின் திருப்பெயரால்.

அன்பிற்குரிய ராஜலிங்கம் அவர்களுக்கு,

உங்கள் மடலை அதிகாலைச் சுபுஹுத் தொழுகை முடித்து வந்து மீண்டும் வாசித்தேன். நாவினால் சுட்ட வடு ஆறாதென்று வகுப்பில் எத்தனை தலைமுறைக்குச் சொல்லியிருப்பேன்! சொன்னவன் நாவே சுட்டுவிட்டது. உங்கள் தந்தையாரின் துன்பத்தை அறியாமல் பேசினேன் என்பது என் பிழையைக் குறைக்குமேயன்றி நீக்காது. பொறுத்தருளுங்கள்.

ஆயினும் நண்பரே, தெல்தோட்டைக்குப் போவது தீர்வன்று. அங்கே தேத்தண்ணிக் கோப்பை இல்லையா? கை நோயுற்றதா இல்லையா என்பதை நோயறிந்தவர் சொல்லட்டும். மருந்தில்லாத பிணியை இறைவன் இறக்குவதில்லை என்பது எங்கள் நம்பிக்கை. நரம்பு வைத்தியர் ஒருவரைப் பாருங்கள். சீதா அம்மையாரிடம் சொல்ல மனமில்லையேல் நான் உடன் வருகிறேன்.

நிரோஷினி சொன்ன சொல்லை எண்ண எண்ண எனக்கே ஆற்றவில்லை. மகளுக்கு உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவள் எண்ணிக்கொண்டிருப்பதைவிட உண்மை இலேசானது.

வலச் சிறகில் கண்டதென்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இவ்வேளையில் அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. கேட்டதால் எழுதுகிறேன். நுனியில், விலாச்சட்டத்தோடு ஒட்டி, சிறுவிரல் நீளத்தில் சுருட்டிய தகடொன்று. அதன் மேல் கறுப்பு நூல் இறுகச் சுற்றியிருந்தது. தாயத்தென்று பார்த்த மாத்திரத்தில் அறிந்தேன். சித்திரையில் திடலுக்கு வந்த சீதா அம்மையார், "இத்தன கண்ணும் இதுமேலதான் இருக்கு, திருஷ்டி பட்டுரும்" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. காப்பவன் ஒருவனே என்று நம்புகிற நான், தாயத்துக் கட்டிய ஊர்தியை என் வீட்டில் வைத்திருக்க ஒப்பவில்லை. அதே வேளை, அதில் உங்கள் தெய்வத்தின் பெயர் எழுதியிருக்கலாம். குப்பையில் எறிவது பண்பன்று. ஆகவே வெள்ளைத் துணியில் பொதிந்து, கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலிருந்து மகாவலியில் விட்டேன். அவமதிப்பாக எதுவும் செய்யவில்லை. இது உங்கள் மனத்தை வருத்துமாயின் அதற்கும் சேர்த்தே மன்னிப்பு.

விமானத்தை ஃபாஸிலிடம் கொடுக்க எனக்கு மனமில்லை. நீங்களே வந்து கொடுங்கள்.

துஆவுடன்,
ஹபீல்

—

கடுகண்ணாவை
20 ஆகஸ்ட் 2025

உ

நானா,

அது தாயத்து இல்லை. ஈயம்.

உங்கள் மடலை வாசலில் நின்றே படித்தேன். படித்து முடித்ததும் அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா வேறென்னவா என்று எனக்கே தெரியவில்லை. சீதா வந்து "யாரு செத்தது?" என்றாள். "ஒருத்தருமில்ல, ஹபீல் நானா ஆத்துல ஈயத்த விட்டுட்டாராம்" என்றேன். "அதுக்கா இந்தச் சிரிப்பு" என்று போய்விட்டாள்.

சொல்கிறேன். நீங்கள் விரலால் தூக்கிப் பார்த்தது முன்னுக்கும் பின்னுக்குமான சமநிலை. இடம் வலம் என்று இன்னொன்று இருக்கிறது. அன்று நீங்கள் அஸர் தொழப் பள்ளிக்குப் போன நேரத்தில் அதைச் செய்தேன். மூக்கில் காற்றாடி பூட்டும் தண்டில் ஒரு நூல், வால் நுனியில் ஒரு நூல், இரண்டையும் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டேன். இடச் சிறகு மெல்லத் தாழ்ந்தது. அந்தப் பக்கத்துப் பலகை சற்றுக் கனத்தது, பிசினும் கூடிவிட்டது. அதற்கு ஈடாக வலச் சிறகின் நுனியில் எடை வைக்கவேண்டும். நீர்ப்பிரிவில் வேலை செய்த காலத்து ஈயத் தகடு பெட்டியில் கிடந்தது. அதை வெட்டிச் சுருட்டினேன். பறக்கும்போது விரிந்து கிலுங்கக் கூடாதே என்று சீதாவின் தையல் பெட்டியில் இருந்த நூலைச் சுற்றினேன். கறுப்பு நூல்தான் கையில் அகப்பட்டது. ஒட்டி, உறையை மூடினேன். நீங்கள் தொழுதுவிட்டு வந்து "முடிஞ்சதா?" என்றீர்கள். "முடிஞ்சது" என்றேன். இதைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஈயம் இல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? நேராகப் பறக்கும்போது பெரிதாகத் தெரியாது. ரிமோட்டில் ஒரு பித்தானைத் தட்டிச் சரிசெய்துவிடலாம். நானும் யோசிக்காமல் தட்டியிருக்கிறேன். ஆனால் வட்டத்துக்காக இழுத்த உடனே கனத்த சிறகு தொங்கும். விமானம் அந்தப் பக்கம் நழுவும். இடப்பக்கம்.

 அவசரப்பட்டு நம்பப் பயமாக இருக்கிறது. நீங்கள் அகற்றியது சென்ற மாதத் தொடக்கம் என்றீர்கள். வட்டம் கெட்டது அதற்கு முன்னா பின்னா? பின் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நம்ப ஆசைப்படுகிறவன் நினைப்பை நம்பக் கூடாது.

ஒரு உதவி. நான் எழுதியபடி விமானத்தை நூலில் தொங்கவிட்டுப் பாருங்கள். நீங்கள் சத்தியம் செய்யமாட்டீர்கள் என்று தெரியும். அதனால் சாட்சி வைத்துச் செய்யுங்கள். ஃபாஸிலைக் கூப்பிடுங்கள். சமமாக நின்றால், நின்றது என்றே எழுதுங்கள். என்மேல் இரக்கப்பட்டு ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம். நின்றால் என் கைதான் காரணம், நான் தெல்தோட்டைக்குப் போகிறேன்.

ராஜலிங்கம்

—

மஹய்யாவ, கண்டி
23 ஆகஸ்ட் 2025

இருளிலிருந்து ஒளிக்குக் கொண்டுவருபவனாகிய அல்லாஹ்வுக்கே நன்றி.

அன்பிற்குரிய ராஜலிங்கம் அவர்களுக்கு,

இரக்கத்தால் ஒரு சொல்லும் கூட்டேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஃபாஸில் கடையைப் பூட்டிக்கொண்டு வந்தார். என் இல்லாள் ரபீகாவும் மாடிக்கு ஏறினாள். உங்கள் இரகசியத்தை நான் அவளிடம் திறக்கவில்லை. விமானத்தைச் சோதிக்கிறோம் என்று மட்டுமே சொன்னேன். மூக்கின் தண்டிலும் வாலின் நுனியிலும் நூல் கட்டி, வளையிலிருந்து தொங்கவிட்டோம். சன்னல்களைச் சாத்தினோம். நான் சிறகைச் சமமாகப் பிடித்து நின்றேன். விடவே மனம் வரவில்லை.

"நானா, கைய எடுங்க. நீங்க புடிச்சீந்தா அது எப்பிடி விழும்? தள்ளி வந்து நில்லுங்க" என்றார் ஃபாஸில்.

கையை எடுத்தேன். இடச் சிறகு தாழ்ந்தது. தயங்கித் தயங்கி அல்ல, களைத்தவன் பாயில் சரிவது போலத் தாழ்ந்தது. மீண்டும் நிமிர்த்தி விட்டோம், மீண்டும் அதுவே. மூன்றாம் முறை ஃபாஸில் நிமிர்த்தினார், நான் சுவரோரம் போய் நின்றேன். அதே இடச் சிறகுதான். ராஜலிங்கம், அந்த அறையில் விமானத்தின் அருகே ஒருவர் கையும் இருக்கவில்லை. உங்கள் கை பதினொரு கல்லுக்கு அப்பால் கடுகண்ணாவையில் இருந்தது. அப்போதும் அது இடப்புறமே சாய்ந்தது.

அடுத்து, வலச் சிறகின் நுனியில் எடை வைத்துப் பார்க்கலாமென்றார் ஃபாஸில். கைக்கு எட்டியதாக ஏதுமில்லை. ரபீகா தன் கொண்டையிலிருந்து ஊசிகளைக் கழற்றி ஒவ்வொன்றாகத் தந்தாள். ஒட்டுநாடாவால் ஒட்டிக்கொண்டே போனோம். அவள் கூந்தல் அவிழும் நிலைக்கு வந்தபோது சிறகிரண்டும் கிடையாக நின்றன. தொட்டுவிட்டாலும் ஆடி ஆடி மறுபடி கிடைக்கே வந்தன.

அப்போதுதான் ரபீகா, "அப்ப மொதல்ல இதுக்குள்ள இருந்த பாரம் எங்க?" என்று கேட்டாள். மறைக்க முடியவில்லை. தாயத்தென்று எண்ணி ஆற்றில் விட்டதைச் சொன்னேன். ஃபாஸில் வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டார். ரபீகா என்னைப் பார்த்த பார்வையை எந்தக் காப்பியத்தாலும் விரிக்கவியலாது.

"அவரக் கேக்காம என்னத்துக்குக் கழட்டினீங்க? வாயால ஒரு சொல்லுக் கேட்டீந்தா முடிஞ்சீக்குமே. மரியாத மரியாதயெண்டு சொல்லாம ஈந்து, நல்லா ஈந்த விமானத்தக் கெடுத்து, அந்த மனிசன மத்தவங்களுக்கு முன்னுக்குக் கேலியும் பண்ணீக்கிறீங்க!"

 தாயத்துப் பற்றிய என் கொள்கை இன்றும் மாறவில்லை. ஆனால் எதையும் ஆராயாமல் பிறர் மீது எண்ணம் கொள்வதையும் அக்கொள்கையைத் தந்த அதே மறை கடிந்திருக்கிறது. அதில் ஒன்றைக் கைக்கொண்டு மற்றதைக் கைவிட்டேன். நாணம் காக்கிறேன் என்று வாய்மூடியிருந்தது பண்பு போலத் தோன்றிற்று. உங்கள் உறக்கத்தை அது பறித்தது.

நாளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஃபாஸிலின் கைப்பேசியில் நம் பறப்புகளின் காணொளிகள் இருக்கின்றன. நான் ஈயத்தை அகற்றுமுன் எடுத்தவற்றில் வட்டம் கிண்ணத்தின் வாய்போல மூடுகிறது. அகற்றிய பின் எடுத்தவை எல்லாம் ஒரே பக்கம், ஒரே அளவு நழுவுகின்றன. நடுங்கும் கை ஒருநாள் இடமும் ஒருநாள் வலமுமாக அல்லவா பிழைக்கும்? ஒவ்வொரு நாளும் ஒரே பிழையைச் செய்ய உறுதியான கை வேண்டும்.

மகிழ்ச்சி மிகுந்தால் யாப்பு வந்துவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்:

சிறகிரண்டும் ஒத்தால் செலுத்துவோன் கையில்
குறையெங்கே காண்போம் கொலோ.

இனி நான் கேட்பவை இரண்டு. விமானம் விமானத்துக்கே சாட்சி. உடம்புக்கு வைத்தியர் சாட்சி. கோப்பை கிலுங்கியது அச்சத்தால்தான் என்று நான் நம்புகிறேன். என் நம்பிக்கை மருந்தாகாது. அவரைப் பார்த்துவிடுங்கள். அதன் பின் திடலுக்கு வாருங்கள். ஈயத்தை நீங்களே வெட்டி, நீங்களே சுருட்டி, நீங்களே வையுங்கள். நான் தொழுகைக்குப் போகும் நேரமாகப் பார்த்து வைக்காதீர்கள்.

உங்கள் வரவை நோக்கும்,
ஹபீல்

—

கடுகண்ணாவை
4 செப்டெம்பர் 2025

உ
முருகன் துணை

நானா,

திடலில் நடந்தது பற்றி நான் எழுத ஒன்றுமில்லை. நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். வட்டம் மூடியபோது உங்கள் தாடி நனைந்திருந்ததாக ஃபாஸில் சொல்கிறான். நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன், காணவில்லை.

உங்களுக்குத் தெரியாததை எழுதுகிறேன். வைத்தியரிடம் போனபோது நீங்கள் வெளியே வாங்குப் பலகையில் இருந்தீர்கள். உள்ளே அவர் விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், தாளில் சுருள் வரையச் சொன்னார். வரைந்தேன். பிறகு அப்பாவைப் பற்றிக் கேட்டார். யாழ்ப்பாணத்து ஆள், நிதானமாகப் பேசுகிறவர். "ஐயா, உங்களிட்ட அந்த வருத்தத்தின்ர ஒரு அடையாளமும் இல்லை. தகப்பனுக்கு இருந்தா மகனுக்கும் வரவேணும் எண்டில்லை. பயந்து பயந்து கையைப் பார்த்தா ஆருக்கும் நடுங்கும். நித்திரை கொள்ளுங்கோ, தேத்தண்ணியைக் குறையுங்கோ" என்றார். வருடத்துக்கு ஒரு தடவை வந்து காட்டச் சொன்னார். அவ்வளவுதான். வெளியே வந்து உங்களிடம் "ஒண்ணுமில்லையாம்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் பேசியிருந்தால் அந்த இடத்திலேயே அழுதிருப்பேன்.

நிரோஷினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் எழுதியது சரி. அவள் பிள்ளையைப் பாயில் கிடத்தினாள். பிறகு, "இதுக்காப்பா? நான் என்னென்னவோ நெனச்சு ராவெல்லாம் அழுதேனே" என்றாள். சீதாவுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. "முப்பது வருசமா ஒங்கூட குப்ப கொட்டுறேன், சொல்றதுக்கு ஒரு கடிதாசிக்காரர் வேணும் இல்ல?" என்கிறாள். உங்களை அடுத்த முறை பார்க்கும்போது இதற்குப் பதில் சொல்லவேண்டியிருக்கும், ஆயத்தமாக இருங்கள்.

நேற்று முப்பத்தொன்று கழிந்தது. சதீஸ்குமாரின் ஆட்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். சாமிப்படத்துக்கு முன்னால் சேலையில் தொட்டில் கட்டியிருந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா, "பேர் சொல்ல ஒரு ஆள் வேணுமே, எங்க தாத்தா?" என்று கூப்பிட்டார். நிரோஷினி பிள்ளையை இரண்டு கையாலும் நீட்டினாள். என்னை அவசரப்படுத்தவில்லை. நான் வாங்கும்வரை நீட்டிக்கொண்டே நின்றாள்.

வாங்கினேன். நினைத்ததைவிடக் கனமில்லை. தலைப்பக்கம்தான் பாரம் என்று யாரும் சொல்லாமலே கைக்குத் தெரிந்தது. முழங்கையை அதற்கு வாட்டமாக வைத்துக்கொண்டேன். பிள்ளை முகத்தைச் சுளித்தது, அழவில்லை. பெயர் மிருதுளா. மூன்று தடவை காதில் சொல்லவேண்டும். முதல் தடவை சொன்னபோது சத்தமே வெளியே வரவில்லை. "கேக்கல தாத்தா!" என்று வேனில் வந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த இரண்டு தடவையும் சொன்னேன்.

நானா, குரல்தான் நடுங்கியது. கை நடுங்கவில்லை.

தொட்டிலில் போடவேண்டும் என்பதை மறந்து நின்றுகொண்டிருந்தேன். சீதாதான் முழங்கையால் இடித்தாள்.

ராஜலிங்கம்

—

மஹய்யாவ, கண்டி
8 செப்டெம்பர் 2025

அழுகையைச் சிரிப்பாக்குபவனும் அச்சத்துக்குப் பின் அமைதியைத் தருபவனுமாகிய ஏக இறைவனுக்கே எல்லாப் புகழும்.

என் ஆருயிர் நண்பர் ராஜலிங்கம் அவர்களுக்கு,

உங்கள் மடலை வாசித்து முடித்ததும் நன்றிக்காக நெற்றியை நிலத்தில் வைத்தேன். எழுந்து வந்து ரபீகாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். உங்கள் குரல் நடுங்கியதாக எழுதிய இடத்தில் அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். சற்று நேரத்தில் அங்கிருந்தபடியே, "வட்டிலப்பம் செஞ்சு கொண்டு போகணும். தேங்கா போதாது, வாங்கிட்டு வாங்க" என்றாள். எதிர்வரும் ஞாயிறு ஃபாஸிலின் வண்டியில் நாங்கள் மூவருமாக வருகிறோம். இம்முறை அழைப்பில்லாமலே வருகிறோம்; முறை தெரிந்தவன் சொல்கிறேன், அழைப்பை எதிர்பார்த்திருக்கும் நிலையில் இப்போது நாங்கள் இல்லை. சீதா அம்மையாரின் குற்றச்சாட்டு நியாயமானது. தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வேன்.

மிருதுளா என்று மும்முறை இங்கும் சொல்லிப் பார்த்தோம். நாவில் இனிக்கிறது.

அவளைச் சுமந்த கைகளுக்கு வலிவும், அவளைப் பெற்றவளுக்கு நல்லுறக்கமும், அவள் வளரும் மனைக்கு ஓயாத சிரிப்பும் இறைவன் அருள்வானாக. உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும். உங்கள் வாசல் நலம் விசாரிப்போரால் நிறையட்டும். உங்கள் வீட்டில் எவர் நெஞ்சிலும் சொல்லாத அச்சமொன்று தனித்துக் கிடக்க வேண்டாம். இம்மடல் இன்னொருவர் கைக்கு எட்டுமாயின், வாசிக்கும் அவருக்கும் அவர் இல்லத்தாருக்கும் இவ்வாழ்த்தே உரியதாகுக. ஆமீன்.

உங்கள்
ஹபீல்